வீட்டில் கார் ஏசி கொம்பிரசர் மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரி மழை ஓய்ந்து பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஏசி பற்றிய சந்தேகங்களும் ஏறத் தொடங்கிவிடும். வருடா வருடம் அதே கேள்விகள். கேட்டவர்கள் கேட்ட பாணியிலேயே அவற்றை இங்கே சேர்த்திருக்கிறோம். பதில்கள் எல்லாம் எஞ்சின் பெல்ட்டில் ஓடி, குளிரூட்டும் காஸை அமுக்கிச் சுற்றவிடும் கொம்பிரசருக்கு உரியவை. ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் முதலில் 5ஆம் கேள்வியைப் படித்துவிட்டு வாருங்கள்.

1. ஏசி போட்டா காத்து மட்டும்தான் வருது, குளிர் இல்ல. கொம்பிரசர் போயித்தா?

உடனே அப்படி முடிவெடுக்க வேண்டாம். குளிர் நின்றுபோனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காஸ் லீக்கை. கொம்பிரசர் கடைசியில்தான். எஞ்சினை இயக்கி, ஏசியைப் போட்டு, பொனட்டைத் திறந்து கொம்பிரசரின் முன்முகத்தைப் பாருங்கள். பெல்ட் பிடித்திருக்கும் வெளிவட்டப் புல்லி எப்போதும் சுற்றும். நடுவில் உள்ள தட்டு, ஏசி போட்டதும் “டக்” என்று ஒட்டிக்கொண்டு புல்லியோடு சேர்ந்து சுற்ற வேண்டும். அந்தத் தட்டும் அதற்குப் பின்னால் உள்ள கொயிலும் சேர்ந்ததுதான் மக்னெற் கிளச்.

தட்டு ஒட்டவே இல்லை என்றால் 2ஆம் கேள்விக்குப் போங்கள். ஒட்டிச் சுற்றியும் குளிர் இல்லை என்றால் 3ஆம் கேள்வி. ஒட்டிய கையோடு பெல்ட் கிறீச்சிட்டு, ரப்பர் கருகும் மணம் வந்து, எஞ்சினும் திணறினால் கொம்பிரசர் ஜாம். ஏசியை அணைத்துவிடுங்கள். பிடிவாதமாக ஓட்டினால் பெல்ட் அறும். அதே பெல்ட்டில் தண்ணீர்ப் பம்பும் ஓல்டனேற்றரும் ஓடும் வண்டியென்றால் நடுவழியில் நிற்பீர்கள்.

சில வண்டிகளில் கிளச்சே கிடையாது. உள்ளே ஒரு கட்டுப்பாட்டு வால்வு இருக்கும், நடுத்தட்டு எந்நேரமும் சுற்றும். அந்த வகை ஜாமானால், பெல்ட்டைக் காப்பாற்றுவதற்கென்றே மெல்லிசாகச் செய்யப்பட்ட நடுத்தட்டு உடைந்து, புல்லி மட்டும் வெறுமனே சுற்றும்.

2. நடுத்தட்டு ஒட்டுதில்ல. முழுக் கொம்பிரசரையும் மாத்தத்தான் வேணுமா?

பெரும்பாலும் தேவையில்லை. பியூசையும் ரிலேயையும் முதலில் பாருங்கள். ரிலேயைச் சோதிக்க, அதே அச்சில் உள்ள ஹோர்ன் ரிலேயைக் கழற்றி மாற்றிப் போட்டால் போதும். அடுத்தது பிரஷர் சுவிட்ச். பைப்பில் அழுத்தம் ஏறத்தாழ 28 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறங்கினாலும், 450 பி.எஸ்.ஐ.க்கு மேலே ஏறினாலும் அது கிளச்சுக்கு மின்சாரம் போகவிடாது. காஸ் முழுதாகப் போன வண்டியில் கிளச் ஒட்டாமலிருப்பது பழுதல்ல, பாதுகாப்பு. அந்த வயரை நேராகப் பற்றரியில் பிடித்துக் கிளச்சை ஒட்டவைத்து ஓட்டுவதுதான் நல்ல கொம்பிரசரைக் கொல்லும் சுலபமான வழி. காஸ் இல்லையென்றால் ஒயிலும் சுற்றாது.

கிளச் பிளக்கைக் கழற்றி மல்ட்டிமீற்றரால் கொயிலை அளந்தால் 3 முதல் 5 ஓம் வரை காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் கொயில் அறுந்திருக்கிறது. கொயிலைத் தனியாக மாற்றலாம். காலையில் ஒட்டுகிறது, அரை மணி ஓடிச் சூடானதும் விட்டுவிடுகிறது என்றால் தட்டுக்கும் புல்லிக்கும் உள்ள இடைவெளி தேய்ந்து அகன்றிருக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு மெல்லிய தகடுகளால் இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜால் மூன்று இடங்களில் அளவுங்கள், பொதுவாக 0.35 முதல் 0.65 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும். கூடினால் நடு நட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் மெல்லிய ஷிம் வளையம் ஒன்றை எடுத்தால் சரி. இந்த வேலைக்குக் காஸைத் திறக்க வேண்டியதே இல்லை.

3. கேஜ் வச்சுப் பாத்தா எந்த நம்பர் கொம்பிரசர் போனதைக் காட்டும்?

ஆர்-134ஏ காஸ் உள்ள வண்டியில், எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்றில், வெளியே 32, 33 பாகை வெயிலில், நீலக் கேஜ் (உறிஞ்சும் பக்கத் தாழ் அழுத்தம்) 25 முதல் 40 பி.எஸ்.ஐ., சிவப்புக் கேஜ் (தள்ளும் பக்க உயர் அழுத்தம்) 200 முதல் 250 பி.எஸ்.ஐ. காட்டினால் சுகமான வண்டி. இரண்டும் கீழே கிடந்தால் காஸ் குறைவு. இரண்டும் மேலே போனால் காஸ் கூடிவிட்டது, அல்லது உள்ளே காற்று, அல்லது காஸின் சூட்டை வெளியே விடும் கொண்டென்சரின் விசிறி வேலை செய்யவில்லை. நீலம் பூச்சியத்துக்கும் கீழே இழுத்தால், காஸ் விரிந்து குளிரும் இடமான எக்ஸ்பான்ஷன் வால்வில் அடைப்பு.

கொம்பிரசர் போனதற்கு அடையாளம் இரண்டு ஊசிகளும் ஒன்றையொன்று தேடி வருவது. நீலம் 70, 80க்கு ஏறி நிற்கும், சிவப்பு 120, 130க்கு மேல் ஏற மறுக்கும். எஞ்சினை முறுக்கினாலும் பெரிதாக அசையாது. உள்ளே வால்வோ பிஸ்டனோ தேய்ந்து அமுக்கும் சக்தி போய்விட்டது என்று அர்த்தம். கிளச் இல்லாத வகையில் இதே கணக்கு வந்தால் முதலில் கட்டுப்பாட்டு வால்வைச் சந்தேகப்படுங்கள். அது தனியாகக் கிடைக்கும், விலையும் கொம்பிரசரை விடப் பல மடங்கு குறைவு.

ஏசி அணைத்து வண்டி ஆறிய பின் இரண்டு கேஜும் ஒரே அளவு காட்டும். 30 பாகையில் அது கிட்டத்தட்ட 97 பி.எஸ்.ஐ. இதைப் பார்த்து “காஸ் ஃபுல்லா இருக்கு” என்று சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே 100 கிராம் திரவம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் ஓய்வில் அதே 97தான்.

4. வீட்ட வச்சே செய்ய ஏலுமா, இல்ல ஏசிக் கடைக்கே போகணுமா?

பாதிப் பாதி. கழற்றுவது, ஒயில் கணக்குப் பார்ப்பது, பைப் பொருத்துகளின் ரப்பர் வளையமான ஓரிங்கை மாற்றுவது, பூட்டுவது எல்லாம் வீட்டு முற்றத்தில் செய்யக்கூடியவை. ஒரு ரயரையும் பிரேக் பாட்டையும் சொந்தமாக மாற்றிய கைக்கு இதுவும் வரும். முன்னால் காஸை உறிஞ்சி எடுப்பதையும், பின்னால் வக்கியூம் பிடித்துக் காஸ் நிறைப்பதையும் கருவி உள்ள இடத்தில் செய்யுங்கள். கல்முனை, காத்தான்குடி, மட்டக்களப்பு நகரம் எங்கும் காஸ் அடிக்கும் கடைகள் உண்டு. ஆனால் காஸை மீட்டெடுக்கும் இயந்திரமும் கிராம் தராசும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

காஸ் எடுத்த பின் வீடு வரலாம், பூட்டிய பின் திரும்பக் கடைக்கும் ஓட்டலாம். கிளச் பிளக்கை மட்டும் கழற்றி வையுங்கள். புல்லி வெறுமனே சுற்றும், உள்ளே ஒன்றும் அசையாது. கிளச் இல்லாத வகைக்கு இது பொருந்தாது. காஸ் இல்லாமல் அதை ஓட்டினால் புதுசு வழியிலேயே தேயும். அப்படியான வண்டிக்குப் பம்ப்பையும் சிலிண்டரையும் வீட்டுக்குக் கொண்டுவரும் ஆளைப் பிடியுங்கள்.

5. எங்கட அக்வா. இதையும் இப்படியே மாத்தலாமா?

வேண்டாம். அக்வா, ப்ரியஸ், ஃபிட் ஜிபி5, வெசல் ஹைபிரிட் போன்றவற்றில் கொம்பிரசர் பெல்ட்டில் ஓடுவதில்லை; உயர் மின்னழுத்த மோட்டரில் ஓடுகிறது. அக்வாவின் ஹைபிரிட் பற்றரி 144 வோல்ட், மூன்றாம் தலைமுறைப் ப்ரியஸில் 201.6 வோல்ட். செம்மஞ்சள் நிற வயர் போகும் எதையும் பயிற்சி இல்லாமல் தொடக்கூடாது. உயர் மின்னழுத்தத்தைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றிய பிறகும் கப்பாசிற்றரில் மின் நிற்கும். அது இறங்கக் குறைந்தது 10 நிமிடம் வேண்டும், பிறகு மீற்றரால் பார்த்துத்தான் கை வைக்க வேண்டும்.

இன்னொரு வில்லங்கம் ஒயில். மோட்டர் சுருளே ஒயிலில் ஊறிக் கிடப்பதால் மின் கடத்தாத பி.ஓ.ஈ. வகை, ஜப்பான் டென்சோ கம்பனியின் பெயரில் என்டி-ஒயில் 11, மட்டுமே விடலாம். சாதாரண ஏசிகளுக்கு விடும் பி.ஏ.ஜி. ஒயில் சிறிது கலந்தாலே மின் கசிவைக் கண்டுபிடித்து வண்டி பி0ஏஏ6 என்ற பிழையைக் காட்டும், பின்னர் ஸ்டார்ட் ஆகாமலும் போகலாம். மற்ற வண்டிக்குப் பாவித்த கேஜ் ஹோஸில் ஒட்டியிருக்கும் ஒயிலே இதற்குப் போதும். வேகன் ஆர் மைல்ட் ஹைபிரிட் இந்தப் பட்டியலில் சேராது, அதன் கொம்பிரசர் பெல்ட்டில் ஓடுவதுதான்.

6. காஸை வெளியால விட்டா என்ன? எப்படியும் லீக்காகித்தானே போகுது.

ஆர்-134ஏ ஒரு கிலோ காற்றில் கலப்பது, நூறு வருடக் கணக்கில் 1430 கிலோ கரியமிலவாயு விட்டதற்குச் சமம். ஒரு சின்னக் காரின் 400 கிராம் கிட்டத்தட்ட 570 கிலோவாகிறது. 2016இன் கிகாலி உடன்படிக்கை இந்த வகைக் காஸ்களைப் படிப்படியாகக் குறைக்கத்தான் வந்தது.

அது போகட்டும், உங்கள் கையும் கண்ணும் இருக்கிறதே. இந்தக் காஸ் கொதிப்பது மைனஸ் 26 பாகையில். நட்டைத் தளர்த்தியதும் பீய்ச்சி வந்து பட்டால் தோல் உறைந்து வெந்தது போலாகும், கண்ணில் பட்டால் இன்னும் மோசம். வேகமாக வெளியேறும்போது கொம்பிரசர் ஒயிலையும் அள்ளிக்கொண்டு போகும், பிறகு 10ஆம் கேள்வியின் ஒயில் கணக்கு பிழைத்துவிடும். பக்கத்தில் நெருப்போ சிகரெட்டோ இருந்தால் காஸ் சூட்டில் சிதைந்து நச்சுப் புகையாகும்.

7. என்னென்ன சாமான் எடுத்து வைக்கணும்?

10, 12, 14 சாவியும் சொக்கட்டும், நீட்டுப் பிடி, டோர்க் ரெஞ்ச், ஜக், இரண்டு ஸ்டாண்ட், கண்ணுக்குக் கண்ணாடி, கையுறை. பெரும்பாலான கார்களில் கொம்பிரசர் கீழ்ப்பக்கமாகத்தான் வெளியே வரும், ஆகவே அடியில் படுக்க வேண்டிவரும். ஜக்கை மட்டும் நம்பியோ சீமெந்துக் கல் அடுக்கியோ அடியில் போகாதீர்கள், கல் சொல்லாமல் வெடிக்கும்.

இவற்றோடு ஓரிங், லைனின் ஈரத்தை உறிஞ்சும் புது டிரையர், சரியான ஒயில் ஒரு சிறு போத்தல், பாமசியில் கிடைக்கும் 50 மி.லீ. சிரிஞ்ச் ஒன்று, பைப் வாய் மூடச் சுத்தமான பொலித்தீனும் ரப்பர் பட்டியும். பொலித்தீனை அற்பமாக நினைக்க வேண்டாம். வாவிக் காற்றில் ஈரம் எப்போதும் இருக்கிறது.

8. புதுசு, ரீகண்டிஷன், கொழும்பு பஞ்சிகாவத்தையில எடுத்த பழசு. எது நல்லம்?

பணம் இருந்தால் புதுசு. இல்லையென்றால், ஜப்பான் வண்டியில் இருந்து கழற்றி வந்த அசல் பழசு, பெயர் தெரியாத மலிவுப் புதுசை விட நல்லது என்பது எங்கள் கணிப்பு. ரீகண்டிஷன் என்று சொல்வது பல இடங்களில் வெளியே சாம்பல் பெயின்ட் அடித்ததுதான். உள்ளே என்ன மாற்றினார்கள் என்று கேளுங்கள். தண்டு சீலும் பெயாரிங்கும் என்று பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

பழசை வாங்கும்போது நடுத்தட்டைக் கையால் சுற்றுங்கள். சற்றே இறுக்கமாக, ஒரே சீராகச் சுற்ற வேண்டும். கரகரப்போ இடையில் பிடிப்போ இருந்தால் வேண்டாம். உறிஞ்சும் வாயைப் பெருவிரலால் பொத்திச் சுற்றினால் விரலை இழுக்க வேண்டும். வாயில் மூடி இல்லாமல் வெளியே கிடந்ததை எடுக்காதீர்கள். சுத்தமான வெள்ளைத் துணியை வாய்க்குள் சுழற்றி எடுத்துப் பாருங்கள்: தெளிந்த மஞ்சள் என்றால் நலம், கறுப்பு என்றால் அது யாரோ ஒருவர் 12ஆம் கேள்வியைக் கேட்ட வண்டியில் இருந்து வந்தது.

பழைய சாமானைக் கையில் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். புல்லியின் காடிகள் நான்கா ஐந்தா ஆறா, புல்லி விட்டம், காதுகளின் தூரம், பைப் வாயின் திசை, பிளக்கின் வடிவம். ஒரே மொடலிலேயே இரண்டு கம்பனிக் கொம்பிரசர் வருவது வழமை.

9. கழட்டிப் பூட்டுற ஒழுங்கு என்ன?

காஸ் எடுத்தாயிற்று என்பதை நீலக் கேஜ் பூச்சியம் காட்டுவதைப் பார்த்து உறுதி செய்யுங்கள். பற்றரியின் மறை முனையைக் கழற்றுங்கள். பெல்ட் போகும் வழியை ஒரு படம் எடுத்துவிட்டு டென்ஷனரைத் தளர்த்திப் பெல்ட்டை இறக்குங்கள். கிளச் பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு பைப் இரண்டையும் பிடித்திருக்கும் 10 நம்பர் போல்ட்கள். அவற்றைக் கழற்றும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள், மிச்சக் காஸ் கொஞ்சம் சீறும். பைப்பைத் திருகாமல் ஆட்டி நேராக இழுங்கள். அலுமினியம், வளைந்தால் வெடிப்பு விழும். இழுத்த நிமிடமே வாயைப் பொலித்தீனால் மூடுங்கள். கடைசியாகத் தாங்கு போல்ட்கள் மூன்றோ நான்கோ. கொம்பிரசர் நல்ல பாரம், கடைசிப் போல்ட்டை எடுக்கும்போது இன்னொருவர் பிடிக்கட்டும்.

பூட்டும்போது தாங்கு போல்ட்கள் எல்லாவற்றையும் கையால் ஏற்றிவிட்டுப் பிறகு இறுக்குங்கள்: எட்டு மில்லிமீற்றர் போல்ட்டுக்கு ஏறத்தாழ 25 நியூட்டன் மீற்றர், பைப்பின் ஆறு மில்லிமீற்றர் போல்ட்டுக்கு 10. அதற்கு மேல் போனால் அலுமினியத்தில் புரி கழன்றுவிடும். பைப் வாய் மூடியைக் கடைசி நொடியில்தான் எடுக்க வேண்டும். மழை நாளில் இந்த வேலை வேண்டாம். கார்த்திகை மார்கழியில் என்றால் வெயில் எறிக்கும் நாளுக்குக் காத்திருங்கள்.

10. ஒயில் எவ்வளவு விடணும்? புதுசுல ஏற்கெனவே ஒயில் கிடக்காமே?

அதிகமாகப் பிழைக்கும் இடம் இது. ஏசி ஒயில் கொம்பிரசருக்குள் மட்டும் நிற்பதில்லை. காஸோடு சேர்ந்து கொண்டென்சர், பைப், காருக்குள் காற்றைக் குளிராக்கும் எவாப்பரேட்டர் எல்லாம் போய்வரும். சின்னக் காரின் முழுக் கணக்கு 100 முதல் 150 மி.லீ. வரை இருக்கும். கொம்பிரசரை மாற்றும்போது மற்ற இடங்களில் நிற்கும் ஒயில் அப்படியே இருக்கிறது. புதுக் கொம்பிரசர் முழு வண்டிக்கும் போதுமான ஒயிலோடு வந்தால், அதை அப்படியே பூட்டினால் ஒயில் கூடிவிடும். குளிர் குறையும், அழுத்தம் ஏறும். சில கொம்பிரசர்கள் கப்பலில் துருப்பிடிக்காமலிருக்கக் கொஞ்சம் மட்டும் ஒயிலோடு வரும், அதை அப்படியே பூட்டினால் குறைந்து ஜாமாகும். ஆகவே வந்ததை நம்பாமல் வடித்து அளப்பதுதான் வழி.

பழசைக் கவிழ்த்து, இரண்டு வாய்களாலும், வடிகால் போல்ட் இருந்தால் அதனாலும், தட்டைக் கையால் சுற்றிச் சுற்றி வடியுங்கள். கால் மணியாவது சொட்ட விடுங்கள். சிரிஞ்சால் அளவுங்கள். உதாரணத்துக்கு 55 மி.லீ. வந்தது என்று வையுங்கள். புதுசையும் அதேபோல முழுதாக வடித்துவிட்டு, அந்த 55ஓடு, பழசின் சுவரில் ஒட்டி நின்றதற்கு 10 சேர்த்து 65 மி.லீ. விடுங்கள். டிரையரும் மாற்றினால் இன்னும் 10, கொண்டென்சரும் மாற்றினால் 40. இரண்டும் மாற்றினால் மொத்தம் 115. பழசில் 30க்குக் குறைவாக வந்தால் ஒயில் லீக்கில் போயிருக்கிறது; 60 மி.லீ. விடுவது பொதுவான கணக்கு, அதோடு லீக்கையும் தேட வேண்டும். லைன் முழுவதையும் கழுவியிருந்தால் மட்டும் முழு அளவு.

ஒயிலை உறிஞ்சும் வாயால் விட்டு, தட்டைக் கையால் பத்துப் பதினைந்து முறை சுற்றுங்கள். பூட்டிய பின்னும் எஞ்சினை இயக்குமுன் ஒருமுறை அதையே செய்யுங்கள். சிலிண்டருக்குள் தேங்கிய ஒயில் முதல் சுற்றிலேயே வால்வை உடைக்காமலிருக்க இது.

11. எந்த ஒயில்? எல்லாம் ஒண்டுதானே?

இல்லை. கொம்பிரசர் உடலில் ஒட்டியிருக்கும் லேபலில் எழுதியதே முடிவு. டென்சோவின் பிஸ்டன் வகைக்கு என்டி-ஒயில் 8, அதாவது பி.ஏ.ஜி. 46. சுழல் இறக்கை வகைக்கு என்டி-ஒயில் 9. சாண்டன் கம்பனியின் பல கொம்பிரசர்களுக்கு பி.ஏ.ஜி. 100. எஞ்சின் ஒயில், ஃப்ரிட்ஜ் ஒயில் எதுவும் ஆகாது. பி.ஏ.ஜி. ஒயில் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். போன வருடம் திறந்து வைத்த போத்தலை இந்த வருடம் பாவிக்காதீர்கள்.

12. பழசக் கவிழ்க்கக்குள்ள வெள்ளித் தூள் மாதிரி ஒண்டு வந்துது. பரவாயில்லையா?

பரவாயுண்டு. வடித்த ஒயிலை வெள்ளைப் பீங்கான் தட்டில் விட்டு ரோர்ச் அடித்துப் பாருங்கள். தெளிந்த மஞ்சளானால் வேலை சுலபம். சாம்பல் நிறமாகி மினுமினுப்பு மிதந்தால் கொம்பிரசர் உள்ளே அரைபட்டு, அந்தத் தூள் கொண்டென்சர் வரை போயிருக்கிறது. அப்படியே புதுசைப் பூட்டினால் ஒயிலோடு தூளும் சுற்றிவந்து புதுசையும் அரைக்கும்.

பைப்களையும் எவாப்பரேட்டரையும் ஏசிக்குரிய கழுவும் திரவத்தால் கழுவி, காய்ந்த நைட்ரஜனால் ஊதலாம். பெற்றோலும் மண்ணெண்ணெயும் வேண்டாம், மிச்சம் நின்று ஒயிலைக் கெடுக்கும். கராஜ் ஏர் கொம்பிரசரின் காற்றில் தண்ணீர் இருக்கிறது. எக்ஸ்பான்ஷன் வால்வையும் டிரையரையும் கழுவ முடியாது, மாற்றத்தான் வேண்டும். கொண்டென்சரும் அப்படித்தான்: இப்போதைய கொண்டென்சரில் ஊசி நுனி அளவுக் குழாய்கள் பல பக்கம் பக்கமாக ஓடும். அடைபட்ட குழாயை விட்டுவிட்டு அடைபடாத குழாயால் திரவம் போய்விடும், தூள் அங்கேயே நிற்கும். செலவு கூடுவது உண்மைதான். ஆனால் கொண்டென்சரை மிச்சம் பிடித்தவர்கள்தான் 17ஆம் கேள்வியோடு திரும்பி வருகிறார்கள்.

13. டிரையர் மாத்தத் தேவல்ல எண்டு கராஜ் பாஸ் சொல்றாரே?

டிரையர் உள்ளே ஈரம் உறிஞ்சும் மணிகள் இருக்கின்றன. லைன் திறந்ததும் அவை நம் ஊர்க் காற்றிலிருந்து குடிக்கத் தொடங்கிவிடும். நிறைந்தால் ஈரம் காஸோடு சேர்ந்து அமிலமாகும், எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாக உறைந்து விட்டுவிட்டுக் குளிர் வரும். விலை அதிகமில்லாத சாமான். மாற்றுங்கள். மூடியைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். சில வண்டிகளில் தனி டப்பாவாக இருக்காது. கொண்டென்சரின் ஓரத்தில் நிற்கும் தண்டுக்குள் பையாக இருக்கும், கீழ் மூடியைத் திருகி எடுக்கலாம்.

ஓரிங்கும் அப்படியே. திறந்த ஒவ்வொரு பொருத்துக்கும் புதுசு, ஆர்-134ஏக்கு ஏற்ற பச்சை நிற எச்.என்.பி.ஆர். வகை நல்லது. அதே ஏசி ஒயிலைத் தொட்டுப் பூசிப் போடுங்கள், கிரீஸ் வேண்டாம்.

14. வக்கியூம் பம்ப் இல்ல. பழைய ஃப்ரிட்ஜ் மோட்டர் போதுமா?

பலர் அப்படித்தான் செய்கிறார்கள், குளிரும் வரத்தான் செய்கிறது. பிரச்சினை காற்றில் இல்லை, தண்ணீரில். உள்ளே நிற்கும் ஈரத்தைக் கொதிக்க வைத்து ஆவியாக எடுக்கத்தான் வக்கியூம். 30 பாகையில் தண்ணீர் கொதிக்க வேண்டுமானால் வக்கியூம் (பாதரச அளவில்) 28.7 அங்குலத்துக்கு மேல் ஆழமாகப் போக வேண்டும். பழைய ஃப்ரிட்ஜ் மோட்டர் 27, 28இல் மூச்சுத் திணறி நிற்கும். காற்றை எடுத்துவிட்டது, தண்ணீரை விட்டுவிட்டது.

சரியான பம்ப்பால் 29 அங்குலத்துக்கு இறக்கி 45 நிமிடம் ஓட விடுங்கள். பிறகு வால்வுகளை மூடி, பம்ப்பை நிறுத்தி அரை மணி பார்த்துக்கொண்டிருங்கள். ஊசி அசையக் கூடாது. வக்கியூம் நின்றதால் மட்டும் லீக் இல்லை என்று சொல்ல முடியாது, வெளியிலிருந்து தள்ளுவது வெறும் 14.7 பி.எஸ்.ஐ.தானே. கடையில் நைட்ரஜன் இருந்தால் வக்கியூமுக்கு முன் 150 பி.எஸ்.ஐ. ஏற்றிச் சவர்க்கார நுரை பூசிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்சிசன் சிலிண்டரை இதற்குக் கிட்டவும் கொண்டுவரக் கூடாது, ஒயிலோடு சேர்ந்தால் வெடிக்கும்.

15. காஸ் எவ்வளவு? கண்ணாடியில குமிழி போற வரைக்கும் விட்டாச் சரிதானே?

பொனட்டின் உட்புறம் அல்லது ரேடியேட்டர் மேல் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கிராமில் எழுதியிருக்கும். சின்னக் கார்கள் பெரும்பாலும் 300 முதல் 500 கிராமுக்குள். சிலிண்டரைத் தராசில் வைத்து நிறைப்பதே முறை. பைப் வழியிலுள்ள சின்னக் கண்ணாடியில் குமிழி பார்ப்பது, பழைய ஆர்-12 காஸ் காலத்துப் பழக்கம். ஆர்-134ஏயில் சரியான அளவிலும் இரண்டொரு குமிழி ஓடலாம். அது முழுதாகப் போகும் வரை விட்டால் கூடிவிடும்.

வக்கியூம் பிடித்த வண்டியில், எஞ்சின் நிற்கும்போது சிவப்புப் பக்கத்தால் முதல் பங்கைத் திரவமாக விடலாம். பிறகு சிவப்பு வால்வைப் பூட்டிவிட்டு, எஞ்சினை 1500 சுற்றில் ஓட விட்டு, கதவுகளைத் திறந்து, விசிறியை முழு வேகத்தில் வைத்து, நீலப் பக்கத்தால் ஆவியாக விடுங்கள். கேன் நிமிர்ந்திருக்க வேண்டும். கவிழ்த்தால் திரவம் போய்க் கொம்பிரசரின் சிலிண்டரில் அடித்து வால்வை உடைக்கும். எஞ்சின் ஓடும்போது சிவப்பு வால்வைத் திறந்தால் கொம்பிரசரின் அழுத்தம் கேனுக்குள் போய்க் கேன் வெடிக்கும். முடிந்ததும் டேஷ்போர்டின் நடுக் காற்று வாயிலில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். வெளியே 33 பாகை என்றால் 7 முதல் 12க்குள் வர வேண்டும்.

16. ஒருத்தர் பாதி விலைக்குக் காஸ் அடிக்கிறாராம். குளிரும் நல்லாத்தான் கிடக்காமே?

குளிர் நன்றாகத்தான் இருக்கும். புரோப்பேன், பியூட்டேன் கலவையும் நல்ல குளிரூட்டிதான், சமையல் காஸும் கிட்டத்தட்ட அதுதான். எவாப்பரேட்டர் டேஷ்போர்டுக்குள் இருக்கிறது. அங்கே லீக்கானால் கண்ணாடி ஏற்றிய காருக்குள் நேராக வரும். ஒரு பொறி போதும்.

ஆர்-134ஏ என்று லேபல் ஒட்டிய போலிச் சிலிண்டர்களில் மெதைல் குளோரைட் கலந்து வந்ததும் உண்டு. அது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் பொருளாக மாறும். 2011இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிர்க் கொள்கலன்கள் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தது இந்தக் கலப்படத்தால்தான். புதிய ஜப்பான் வண்டிகளில் வரும் ஆர்-1234வைஎஃப் வேறு காஸ், அதன் வாயும் வேறு அளவு. மாற்று வாய் பூட்டி ஆர்-134ஏ அடிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.

17. மாத்தி ஒரு மாசத்துல திரும்ப ஜாம். சாமான் டூப்ளிகேட்டா?

இருக்கலாம். ஆனால் திட்டுவதற்கு முன் பழசு ஏன் செத்தது என்று கேளுங்கள். முதல் கொம்பிரசரைக் கொன்றது லீக்கென்றால் ஒயில் அதன் வழியே போய்க்கொண்டேதான் இருக்கும். தூளென்றால் 12ஆம் பதில். ஒயில் அளவென்றால் 10. கொண்டென்சர் விசிறி ஓடாமல் அழுத்தம் 350க்கு ஏறிக் கொம்பிரசர் வெந்து செத்திருந்தால், அந்த விசிறி இன்னும் ஓடாமல்தான் இருக்கிறது. கடையில் உத்தரவாதம் கேட்கப் போகும்போது டிரையர் வாங்கிய பற்றுச்சீட்டையும் எடுத்துப் போங்கள். முதலில் கேட்பது அதைத்தான்.

18. ஓடக்குள்ள குளிர், நிக்கக்குள்ள சூடு. புதுக் கொம்பிரசர்தானே போட்டம்?

ஓடும்போது காற்று தானாகக் கொண்டென்சரில் அடிக்கிறது, நிற்கும்போது விசிறிதான் இழுக்க வேண்டும். விசிறி மெதுவாகச் சுற்றுகிறதா பாருங்கள், பிறகு கொண்டென்சரின் முகத்தை. சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் அறுவடை நாட்களில் வயல் ரோட்டில் ஓடிய வண்டிகளில் நெல் தூசியும் பதரும் ரேடியேட்டருக்கும் கொண்டென்சருக்கும் நடுவில் மெத்தை போல அடைந்து நிற்கும்; முன்னால் பார்த்தால் சுத்தமாகத் தெரியும். தோட்ட ஹோஸ் தண்ணீரால் உள்பக்கமிருந்து வெளியே கழுவுங்கள். உயர் அழுத்தத் தண்ணீர் அடித்தால் செதிள்கள் மடிந்துவிடும்.

கல்லடி, பாசிக்குடா, ஒலுவில் போன்ற கடலோரத்தில் நிற்கும் வண்டிகளில் வேறு கதை. உப்பு, செதிளையும் குழாயையும் பிடித்திருக்கும் இடத்தை அரிக்கும். விரலால் தடவினால் செதிள் மாவாக உதிர்ந்தால் கழுவிப் பயனில்லை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவி வந்திருந்தால் இன்னும் சில வருடம் நின்றிருக்கும்.

வேகன் ஆர் போன்று சிக்னலில் எஞ்சின் தானாக நிற்கும் வண்டியில் கொம்பிரசரும் நிற்கும், சற்று நேரத்தில் காற்று வெதுவெதுப்பாகும். அது பழுதல்ல.

19. எங்கட பழைய வேன் ஆர்-12. அதுக்கு ஆர்-134ஏ கொம்பிரசர் போட்டா ஓடுமா?

ஓடும், ஆனால் கொம்பிரசரை மட்டும் மாற்றினால் ஓடாது. ஆர்-12க்குரிய மினரல் ஒயில் ஆர்-134ஏயில் கரையாது. காஸ் போகும் இடத்துக்கு ஒயில் போகாமல் கொம்பிரசர் காய்ந்து பிடிக்கும். பழைய ஒயிலை முழுதாகக் கழுவி எடுத்து, பி.ஏ.ஜி. அல்லது பி.ஓ.ஈ. விட்டு, எல்லா ஓரிங்கையும் டிரையரையும் மாற்றி, காஸ் ஏற்றும் வாய்களுக்கு மாற்று வாய் பூட்ட வேண்டும். காஸ் அளவு பழைய ஸ்டிக்கரில் உள்ளதில் 80 முதல் 85 வீதம். முன்னும் பின்னும் ஏசி உள்ள வேனென்றால் கூரைக்குள் ஓடும் நீண்ட பைப்பிலும் பழைய ஒயில் தேங்கி நிற்கும், அதையும் கழற்றிக் கழுவாமல் தொடங்க வேண்டாம். கொண்டென்சர் பழையதென்றால் மத்தியான வெயிலில் சிவப்புக் கேஜ் முன்னைவிட மேலே நிற்கும். முன்னால் இன்னொரு விசிறி பூட்டுவதுதான் இதற்குப் பலர் செய்வது, அது பலனும் தருகிறது.